எழுத்தும் ஏவலும்

ஊர்த் திருவிழாவில் இளைஞர்கள் கூடி நாடகம் போடுகிறார்கள். அரசன் வேடத்துக்கு ஆள் கிடைக்காமல் கடைசி நேரத்தில் புதியவர் ஒருவரைப் பிடித்து வந்திருக்கிறார்கள். நாடக ஏட்டில் அவருக்குரிய வசனம் இவ்வாறு இருக்கிறது: “யாரங்கே! (கைதட்டுகிறான்) அந்தக் கள்வனை இழுத்து வாருங்கள்!” புதியவர் மேடையேறி, “யாரங்கே கைதட்டுகிறான் அந்தக் கள்வனை இழுத்து வாருங்கள்” என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுகிறார். கொட்டகை சிரிப்பால் அதிர்கிறது.

அவர் செய்த பிழை என்ன? ஏட்டில் உள்ளவை யாவும் ஒரே மையால், ஒரே கையால் எழுதப்பட்டவைதாம். ஆனால் அடைப்புக்குறிக்கு வெளியே இருப்பது பேசுவதற்கு. உள்ளே இருப்பது செய்வதற்கு. முன்னது எழுத்து; பின்னது ஏவல். இந்த வேறுபாட்டை அறியாதவர் மேடையேறினால் நகைப்புத்தான் மிஞ்சும்.

கணிப்பொறித் திரையில் நாம் படிக்கும் வலைப்பக்கங்களுக்கும் இது பொருந்தும். ஒரு பக்கத்தில் உள்ள எழுத்துகளுள் சில படிப்பதற்கு உரியவை. சில கணிப்பொறி செய்வதற்கு உரியவை. படிக்கும் பக்கத்துக்குள் நாமே எழுதிய கட்டளைகளைப் பொதிந்து வைத்து, அதனை வேலை செய்யும் பக்கமாக மாற்ற முடியுமா? முடியும். அதற்கென ‘செருகுநிரல்’ (பிளக்இன்) என்னும் துணைக்கருவிகள் உள்ளன. அவை எவ்வாறு வேலை செய்கின்றன, அவற்றால் விளையும் நன்மை என்ன, கவனக் குறைவாகக் கையாண்டால் நேரும் தீமை என்ன என்பதைக் காண்போம்.

ஊசலை எழுத்தில் ஆட்ட முடியுமா?

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குத் தனி ஊசலைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். ஊசலின் நீளம் நான்கு மடங்கானால் அதன் அலைவு நேரம் இரண்டு மடங்காகும். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஊசலுக்கு அலைவு நேரம் ஏறக்குறைய 1 விநாடி. 1 மீட்டர் ஊசலுக்கு ஏறக்குறைய 2 விநாடி. இதனைக் கரும்பலகையில் எழுதினால் மாணவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர். ஆனால் நீளத்தைத் தாமே கூட்டியும் குறைத்தும் ஊசல் ஆடுவதைக் கண்ணால் கண்டால் அது மனத்தில் பதியும்.

ஆய்வுக்கூடத்தில் இதனைச் செய்யலாம். ஆனால் நான்கு பேருக்கு ஒரு தாங்கி, ஒரு நிறுத்து கடிகாரம் என்ற நிலையில், ஊரிலிருந்து பேருந்தில் வந்து போகும் மாணவர் வீட்டில் மீண்டும் செய்து பார்க்க வழியில்லை. ஆகவே, எங்கள் கல்லூரி வலைத்தளத்தில் பாடக்குறிப்பை வெளியிட்டு, அதன் நடுவிலேயே ஓர் ஊசலை ஆடவிட வேண்டும் என்று விரும்பினேன். மாணவர் விரலால் ஒரு புள்ளியை நகர்த்தினால் நீளம் மாற வேண்டும்; ஊசலின் வேகமும் மாற வேண்டும். எழுத்து மட்டும் இதற்குப் போதாது. பக்கத்துக்குள் கட்டளை வேண்டும்.

சமையலறையும் இலையும்

உலகளாவிய வலை பிறந்தது ஓர் இயற்பியல் நிலையத்தில்தான். ஜெனீவா நகருக்கு அருகில் உள்ள செர்ன் என்னும் துகள் ஆய்வு மையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ஆம் ஆண்டு இதற்கான திட்டத்தை முன்வைத்தார். பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் தங்கள் குறிப்புகளை எளிதில் பகிர்ந்துகொள்வதே நோக்கம். அவர் வகுத்த எச்டிஎம்எல் என்னும் முறையில், கூரிய அடைப்புக்குறிகளுக்குள் சில குறிச்சொற்கள் எழுதப்படும். ‘இது தலைப்பு’, ‘இது பத்தி’, ‘இதனைத் தொட்டால் அந்தப் பக்கத்துக்குச் செல்’ என்பனவே அவற்றின் பொருள். எழுத்து எப்படித் தோன்ற வேண்டும் என்பதை அவை சொல்லுமே தவிர, கணக்குப் போடவோ படம் வரையவோ அவற்றுக்குத் தெரியாது.

பக்கத்துக்குள் கணக்குப் போடும் திறமை வந்தது 1990-களின் நடுப்பகுதியில். அது இரண்டு வழிகளில் வந்தது.

பக்கத்தைச் சேமித்து வைத்து, கேட்பவருக்கு அனுப்பும் கணிப்பொறியைச் சர்வர் என்கிறோம். அதனைப் பெற்றுத் திரையில் காட்டும் மென்பொருள் பிரௌசர் (உலாவி). உணவு விடுதியில் தயிர்ச்சோறு உண்பதாக வைத்துக்கொள்வோம். சமையலறையிலேயே பிசைந்து, தாளித்து, ஆயத்தமாகக் கொண்டுவந்து இலையில் வைப்பது ஒரு முறை. சோற்றையும் தயிரையும் தனித்தனியே பரிமாறிவிட்டு, நம்மையே இலையில் பிசைந்துகொள்ள விடுவது இன்னொரு முறை.

ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் 1995-இல் வெளியிட்ட பிஎச்பி முதல் முறையைச் சேர்ந்தது. சர்வராகிய சமையலறையில் கட்டளைகள் நிறைவேறி, விளைவு மட்டும் நமக்கு வந்து சேரும். கட்டளை எதுவென்று படிப்பவருக்குத் தெரியாது. அதே ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் முதல் வடிவம் கொடுத்த ஜாவாஸ்கிரிப்ட் இரண்டாம் முறையைச் சேர்ந்தது. கட்டளைகள் எழுத்தோடு சேர்ந்தே நம் பிரௌசருக்கு வந்து, இலையாகிய நம் கணிப்பொறியில் நிறைவேறும். மாணவரின் விரல் அசைவுக்கு உடனுக்குடன் ஊசல் ஆட வேண்டுமானால் இந்த இரண்டாம் முறையே ஏற்றது.

ஒரே பெட்டியில் இரண்டு சரக்கு

எழுத்தும் ஏவலும் ஒரே இடத்தில் கலந்திருப்பது வலைப்பக்கத்துக்கு மட்டும் உரிய இயல்பு அன்று. இன்றைய கணிப்பொறியின் அடிப்படையே அதுதான். 1946-இல் அமெரிக்காவில் பொதுமக்கள் பார்வைக்கு வந்த எனியாக் கணிப்பொறியில், வேலையை மாற்ற வேண்டுமானால் கம்பிகளைப் பிடுங்கி வேறு துளைகளில் செருகி, சொடுக்கிகளைத் திருப்ப வேண்டியிருந்தது. அதற்கே நாட்கணக்கில் ஆகும். கட்டளை கம்பியில் இருந்தது. எண்கள் வேறிடத்தில் இருந்தன. கட்டளைகளையும் எண்களாக்கி, மற்ற எண்களோடு ஒரே நினைவகத்தில் சேமிக்கும் கருத்தை ஜான் வான் நியூமன் 1945-ஆம் ஆண்டு அறிக்கையில் விளக்கினார். 1948 ஜூன் 21 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு கணிப்பொறி அவ்வாறு சேமித்த கட்டளைகளை முதன்முதலாக நிறைவேற்றியது.

இதனால் விளைந்த நன்மை அளவிடற்கரியது. ஒரே பொறி காலையில் கணக்கெழுதும். மாலையில் பாட்டுப் பாடும். ஆனால் ஒரு புதிய சிக்கலும் உடன் பிறந்தது. நினைவகத்தில் ஓரிடத்தில் இருக்கும் எண், செய்தியா கட்டளையா என்பதை அந்த எண்ணைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அதனை எடுத்தாள்பவர் படித்தால் அது செய்தி, நிறைவேற்றினால் கட்டளை. நாடக ஏட்டில் அடைப்புக்குறி செய்த வேலையை இங்கே யாரேனும் ஒருவர் செய்தாக வேண்டும். அவர் ஏமாந்தால்? அதனைப் பின்னர்க் காண்போம்.

வாயிற்காவலன்

இன்று உலகில் உள்ள வலைத்தளங்களுள் பத்துக்கு நான்குக்கு மேல் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளால் நடத்தப்படுகின்றன. மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவர் 2003-ஆம் ஆண்டு மே மாதம் இதனை வெளியிட்டனர். கட்டுரை எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பக்கம் உருவாகிவிடும்.

இதில் எழுதுவோர்க்குப் படிநிலைகள் உண்டு. தளத்தை முழுமையாக ஆள்பவர் நிர்வாகி, அடுத்து பதிப்பாசிரியர், அவருக்குக் கீழே ஆசிரியர், பங்களிப்பாளர். எனக்குக் கிடைத்திருந்தது ஆசிரியர் நிலை. ஊசலுக்குரிய ஜாவாஸ்கிரிப்ட் கட்டளைகளை எழுதி, பாடக்குறிப்பின் நடுவே ஒட்டி வெளியிட்டேன். ஊசல் ஆடவில்லை. மாறாக, நான் எழுதிய கட்டளைகள் வரிவரியாக, பாடத்தின் பகுதி போலத் திரையில் தோன்றின. மேடையில் ‘கைதட்டுகிறான்’ என்று ஒப்பித்த அரசனின் கதைதான்!

இது மென்பொருளின் குறையன்று, காவல். நிர்வாகி, பதிப்பாசிரியர் ஆகியோரை விடக் கீழ்ப்படியில் உள்ளவர் எழுதியவற்றை ஒரு வாயிற்காவலன் சோதிக்கிறான். தடித்த எழுத்து, பத்தி, அட்டவணை போன்ற தீங்கற்ற குறிச்சொற்களை உள்ளே விடுகிறான். ‘இனி வருவது கட்டளை’ என்று அறிவிக்கும் குறிச்சொல்லை மட்டும் பிடுங்கிக்கொள்கிறான். அறிவிப்பு போனபின், கட்டளை வெறும் எழுத்தாகிவிடுகிறது.

அதோடு நிற்கவில்லை. அச்சுக்கலை அழகுக்காக வேர்ட்பிரஸ் நேரான மேற்கோள்குறிகளை வளைந்த மேற்கோள்குறிகளாக மாற்றும். இரண்டு சிறு கோடுகளை ஒரு நீண்ட கோடாக்கும். படிப்பவருக்கு இது கண்ணுக்கு இனிது. கணிப்பொறிக்கோ நேரான குறி வேறு, வளைந்த குறி வேறு. அவ்வாறு ‘அழகூட்டப்பட்ட’ கட்டளையை வேறிடத்தில் எடுத்து ஒட்டினாலும் அது இயங்காது. இணையத்தில் பார்த்த கட்டளைகளைப் படியெடுத்து ஒட்டியும் பயனில்லாமல் தலையில் கைவைத்து அமர்ந்த மாணவர் பலர். அவர்களை இடறியது பெரும்பாலும் இந்த வளைந்த குறிதான்.

கொக்கியும் செருகுநிரலும்

அப்படியானால் முறையான வழி எது? வேர்ட்பிரஸ் நம் கட்டுரையை உள்ளபடியே சேமிக்கிறது. ஒருவர் அதனைப் படிக்க வேண்டும் என்று கேட்கும்போதுதான் அதற்கு ஒப்பனை செய்து அனுப்புகிறது. இந்த ஒப்பனை, ஆலையில் நகரும் பட்டையின் மேல் பொருள் செல்வது போல நடைபெறும். ஒரு நிலையத்தில் மேற்கோள்குறி வளைக்கப்படும். அடுத்ததில் பத்தி பிரிக்கப்படும். இந்தப் பட்டையின் ஓரத்தில் ஆங்காங்கே ‘கொக்கிகள்’ வைக்கப்பட்டுள்ளன. வெளியார் எழுதிய ஒரு சிறு நிரலைக் கொக்கியில் மாட்டிவிட்டால், அந்த இடத்தைக் கடக்கும் ஒவ்வொரு கட்டுரையும் அதன் கையில் ஒருமுறை கொடுக்கப்படும். அது விரும்பியதை மாற்றித் திருப்பித் தரலாம். இவ்வாறு மாட்டப்படும் நிரலே செருகுநிரல். 2004-இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. மூல மென்பொருளில் ஒரு வரியைக்கூடத் தொடாமல் அதற்குப் புதிய திறமைகளைக் கற்பிக்க முடிவது இதன் சிறப்பு.

2008-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த 2.5 பதிப்பு ‘குறுங்குறி’ என்று நாம் அழைக்கத்தக்க ஒரு முறையைச் சேர்த்தது. கட்டுரையின் நடுவே சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லை எழுதினால் போதும்:

[ஊசல் நீளம்="1"]

(விளக்கத்துக்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன், நடைமுறையில் இதனை ஆங்கில எழுத்துகளில்தான் எழுதுவார்கள்.)

இது நாடக ஏட்டின் அடைப்புக்குறியே அல்லவா? இது நிறைவேறும் விதத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. நிர்வாகி ‘ஊசல்’ செருகுநிரலைத் தளத்தில் மாட்டுகிறார். அது, “ஊசல் என்ற சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் கண்டால் என்னை அழையுங்கள்” என்று பதிவு செய்துகொள்கிறது.

2. ஆசிரியர் தம் கட்டுரையில் மேற்கண்ட குறியை எழுதிச் சேமிக்கிறார். அது இன்னும் வெறும் எழுத்துத்தான். அதில் கட்டளை எதுவும் இல்லாததால் வாயிற்காவலனும் தடுப்பதில்லை.

3. மாணவர் ஒருவர் பக்கத்தைக் கேட்கிறார். கட்டுரை பட்டையில் நகர்கிறது. ஒரு நிலையத்தில் சதுர அடைப்புக்குறிகள் தேடப்படுகின்றன.

4. ‘ஊசல்’ என்ற சொல் கண்ணில் பட்டதும் செருகுநிரல் அழைக்கப்பட்டு, ‘நீளம் 1’ என்ற செய்தி அதனிடம் கொடுக்கப்படுகிறது.

5. அது ஊசலை வரையும் கட்டளைகளைத் திருப்பித் தருகிறது. அடைப்புக்குறி இருந்த இடத்தில் அவை அமர்த்தப்பட்டு, பக்கம் பிரௌசருக்குப் போய்ச் சேருகிறது. ஊசல் ஆடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கட்டுரை எழுதியவர் கொடுத்தது ஒரு பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே. ‘என்ன செய்வது’ என்பது முன்னமே செருகுநிரலுக்குள் முடிவாகிவிட்டது. விடுதியில் நாம் ‘ஒரு தோசை’ என்று சொல்கிறோம். சமையலறைக்குள் நுழைந்து அடுப்பைப் பற்றவைப்பதில்லை.

நான் அடுப்பைப் பற்றவைத்த கதை

குறுங்குறிக்கு ஒரு குறை உண்டு. ஒவ்வொரு புதிய தேவைக்கும் ஒரு செருகுநிரல் எழுதியாக வேண்டும். பொறுமையற்றவர்க்கு இது சலிப்பாக இருக்கும். ஆகவே வேறு வகைச் செருகுநிரல்களும் தோன்றின. அவை கட்டுரைக்குள் நேரடியாகவே பிஎச்பி கட்டளைகளை எழுத விடுகின்றன. அடைப்புக்குறிக்குள் எழுதியது எதுவாயினும் அப்படியே எடுத்து, சர்வரில் நிறைவேற்றிவிடும். கேட்டதைச் செய்யும் பூதம் போன்றது இது. நல்லதா கெட்டதா என்று பூதம் கேட்பதில்லை.

எனக்கும் அந்தச் சலிப்பு வந்தது. வெவ்வேறு நீளங்களுக்கு அலைவு நேரத்தைக் கணக்கிட்டு அட்டவணையாகக் காட்ட விரும்பினேன். தளத்தைப் பராமரிப்பவரிடம் சொல்லி அத்தகைய ஒரு செருகுநிரலை மாட்டச் செய்தேன். நீளத்தைக் கால் மீட்டர் கால் மீட்டராகக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொன்றுக்கும் கணக்கிட வேண்டும். 1 மீட்டருக்கு வரும்போது நிறுத்த வேண்டும். ‘1-ஐ விடக் குறைவாக இருக்கும்வரை’ என்று எழுதுவதே முறை. ஆனால் ‘குறைவு’ என்பதற்குரிய கணிதக் குறி, எச்டிஎம்எல் குறிச்சொல்லின் தொடக்கக் குறியாகவும் இருப்பதால் வாயிற்காவலன் அதனை மாற்றிவிட்டான். குறுக்கு வழியாக, ‘1-க்குச் சமம் ஆகும்வரை’ என்று எழுதினேன். 0.25, 0.5, 0.75, 1 என்று நான்கு வரிகள் அழகாக வந்தன.

மறுநாள் வெளியிடும் முன்பு, அட்டவணை இன்னும் விரிவாக இருக்கட்டும் என்று கருதி 0.25-ஐ 0.1 ஆக மாற்றினேன். சோதித்துப் பார்க்கவில்லை.

கணிப்பொறி எண்களை இரண்டன் அடிமானத்தில் எழுதுகிறது. கால் என்பதை அதில் மிச்சமில்லாமல் எழுதிவிடலாம். பத்தில் ஒன்றை எழுத முடியாது. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று முடிவில்லாமல் எழுதுவது போல அதுவும் முடிவில்லாமல் நீளும். எங்கோ ஓரிடத்தில் வெட்டியாக வேண்டும். ஆகவே 0.1-ஐப் பத்து முறை கூட்டினால் கணிப்பொறிக்குக் கிடைப்பது 1 அன்று, 0.9999999999999999. நான் கேட்ட ‘சமம்’ வரவே இல்லை. அடுத்தது 1.1-க்குச் சற்றுக் குறைவு, அதற்கடுத்தது 1.2-க்குச் சற்றுக் குறைவு. என் அட்டவணை 1 மீட்டரைத் தாண்டி, தென்னை மர உயரத்தைத் தாண்டி, கிலோமீட்டர்க் கணக்கில் ஊசலுக்கு நேரம் கணித்துக்கொண்டே போயிற்று. சர்வர் தனக்கு ஒதுக்கப்பட்ட நினைவகம் நிரம்பும்வரை வரிகளைச் சேர்த்தது. பின் வேலையைக் கைவிட்டது.

புதிய கட்டுரைகள் தளத்தின் முகப்பில் முழுமையாகத் தோன்றும்படி அமைத்திருந்தார்கள். ஆகவே என் பாடம் மட்டுமன்றி, கல்லூரியின் முகப்பே வெற்றுப் பக்கம் ஆயிற்று. அன்று செய்முறைத் தேர்வுக் கால அட்டவணை வெளியாக வேண்டிய நாள். ‘சார், எங்கள் குழுவுக்கு எந்தத் தேதி?’ என்று மாணவர்கள் தொலைபேசியில் கேட்கத் தொடங்கினார்கள். பக்கம் வரவில்லையே என்று அவர்கள் மீண்டும் மீண்டும் முயல, ஒவ்வொரு முயற்சிக்கும் சர்வர் என் முடிவில்லாத அட்டவணையைப் புதிதாகத் தொடங்கிற்று.

கணிப்பொறித் துறை நண்பர் ஒருவர் வந்து, சர்வரில் அந்தச் செருகுநிரல் இருந்த கோப்புறையின் பெயரை மாற்றினார். வேர்ட்பிரஸ் அதனைக் காணாமல் விட்டுவிட, முகப்பு உயிர் பெற்றது. ஆனால் என் கட்டளைகள் மட்டும், நிறைவேற்ற ஆளின்றி, சதுர அடைப்புக்குறியோடு அப்படியே ஊரறியத் தோன்றின. மாணவன் ஒருவன் அதனைப் படித்துவிட்டு, “சார், சமம் போட்டிருக்கிறீர்கள்” என்றான்!

தேர்வு அட்டவணை மூன்று மணி நேரம் தாமதமாயிற்று, அவ்வளவுதான். ஆனால் எனக்கு உறைத்தது வேறு. தீய எண்ணம் சிறிதுமில்லாமல், ஒரு பாடக்குறிப்பின் நடுவே நான் எழுதிய ஒரு வரி, நிறுவனத்தின் வாயிலை மூடிவிட்டது. தீய எண்ணம் உள்ளவர் கையில் அந்த அடைப்புக்குறி கிடைத்திருந்தால்?

மற்றவர் எழுதிய ஏவல்

அப்படி நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் அறிவியல் மாணவர் அறிந்திருக்கத் தக்கவை.

2005 அக்டோபர் 4 அன்று சாமி காம்கார் என்னும் இளைஞர், அந்நாளில் புகழ்பெற்றிருந்த மைஸ்பேஸ் தளத்தில் தம் அறிமுகப் பக்கத்துக்குள் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையை ஒளித்து வைத்தார். அங்கும் வாயிற்காவலன் இருந்தான். ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்ற சொல்லைக் கண்டால் நீக்குவது அவன் வேலை. காம்கார் அந்தச் சொல்லை இரண்டு வரிகளாக உடைத்து எழுதினார். காவலன் கண்ணுக்கு அது வேறு சொல்லாகத் தெரிந்தது. சில பிரௌசர்களோ இரண்டையும் ஒட்டவைத்து நிறைவேற்றிவிட்டன. பக்கத்தைப் பார்த்தவர் ஒவ்வொருவரும் தாம் அறியாமலே அவரைத் தம் நண்பராகச் சேர்த்துக்கொண்டனர். அந்தக் கட்டளை அவர்களுடைய பக்கத்திலும் போய் ஒட்டிக்கொண்டது. 20 மணி நேரத்துக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பக்கங்களில் அது பரவிவிட்டது. இதனைச் சரிசெய்யத் தளத்தையே மூட வேண்டி வந்தது. காம்கார் 2007-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது, வேர்ட்பிரஸ் தொடர்பானது. 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பில் ஒரு பிழை நுழைந்திருந்தது. ஒரு கட்டுரையைத் திருத்த வேண்டுமானால் அதன் எண்ணைக் கொடுக்க வேண்டும். ஒருவர் 12 என்பதற்குப் பதிலாக ‘12க’ என்று கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். அனுமதியைச் சோதிக்கும் எழுத்தர், ‘12க என்று ஒரு கோப்பே இல்லையே, இல்லாததற்கு என்ன தடை?’ என்று விட்டுவிடுகிறார். அடுத்த மேசையில் உள்ள எழுத்தரோ, ‘எழுத்து தவறி விழுந்திருக்கும்’ என்று ‘க’வை நீக்கி, 12-ஆம் கோப்பை எடுத்து நீட்டிவிடுகிறார். இருவரும் தத்தம் அளவில் தவறு செய்யவில்லை. சேர்ந்து செய்தது பெருந்தவறு. எவர் வேண்டுமானாலும் எந்தக் கட்டுரையையும் மாற்றி எழுத முடிந்தது.

2017 ஜனவரி 26 அன்று 4.7.2 பதிப்பில் இது திருத்தப்பட்டது. தளங்கள் திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்து, பிப்ரவரி 1 அன்றுதான் பிழையின் விவரம் வெளியிடப்பட்டது. அப்படியும் திருத்திக்கொள்ளாத தளங்களில் இலட்சக்கணக்கான பக்கங்கள் சிதைக்கப்பட்டன. பெரும்பாலான இடங்களில் இழப்பு, எழுத்து மாறியதோடு நின்றது. ஆனால் ‘இன்செர்ட் பிஎச்பி’, ‘எக்ஸெக் பிஎச்பி’ போன்ற, கட்டுரைக்குள் எழுதியதை நிறைவேற்றும் செருகுநிரல்கள் மாட்டியிருந்த தளங்களைத் தேடிச் சிலர் வலைவீசினர். கட்டுரையின் நடுவே அடைப்புக்குறியும் அதற்குள் ஒரு கட்டளையும் எழுதிவிட்டால் போதும். சர்வரே அவர்கள் ஏவலாள் ஆகிவிடும். மற்றவர்க்கு எழுத்துப் பிழையாக முடிந்தது, இவர்களுக்கு வீட்டுச் சாவி பறிபோனதாக முடியும். பூதத்தை வீட்டில் வைத்திருப்பவர்க்குக் கதவுத் தாழ்ப்பாள் சிறிது தளர்ந்தாலும் பேரிடர்தான்.

வேலி போடும் முறைகள்

அதற்காகப் பக்கத்துக்குள் கட்டளையே கூடாது என்று ஒதுங்கிவிடுவதா? மின்சாரம் தாக்கும் என்பதற்காக விளக்கேற்றாமல் இருப்பதில்லை, உருகி வைத்துக்கொள்கிறோம். இங்கும் அவ்வாறே சில உருகிகள் உண்டு.

முதலாவது, குறுகிய வாயில். எதையும் செய்யும் செருகுநிரலை விட, ஒன்றை மட்டும் செய்யும் குறுங்குறி நல்லது. கட்டளை செருகுநிரலில் இருக்கட்டும். கட்டுரையில் எண் மட்டும் இருக்கட்டும்.

இரண்டாவது, வாங்கும் எண்ணைச் சோதித்தல். நீளம் என்ற இடத்தில் ஒருவர் எண்ணுக்குப் பதிலாக ஒரு கட்டளையை எழுதிவிடலாம். செருகுநிரல் அதனை அப்படியே பக்கத்தில் பதித்தால், முன் கதவைப் பூட்டிவிட்டுப் பின் கதவைத் திறந்த கதைதான். வந்தது எண்தானா, அது 0.1-க்கும் 2-க்கும் இடைப்பட்டதா என்று பார்த்த பின்னரே பயன்படுத்த வேண்டும். பங்களிப்பாளர் நிலையில் உள்ளவரும் குறுங்குறியை எழுத முடியும் என்பதால் இந்தச் சோதனை இன்றியமையாதது.

மூன்றாவது, கண்ணாடிக் கூண்டு. பக்கத்தின் நடுவே ஒரு சட்டத்தை அமைத்து, அதற்குள் வேறொரு பக்கத்தை இயக்கலாம். அந்தச் சட்டத்துக்கு ‘மணற்பெட்டி’ என்னும் கட்டுப்பாட்டைப் பூட்டிவிட்டால், உள்ளே இயங்கும் கட்டளை வெளிப்பக்கத்தைத் தொட முடியாது. பெட்டிக்குள் குழந்தை என்ன ஆட்டம் போட்டாலும் மணல் வெளியே சிந்தாதது போல. 2001-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான கார்ல் வீமன், 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ திட்டத்தின் பாவனைச் சோதனைகளை இவ்வாறு சட்டத்துக்குள் வைத்துப் பயன்படுத்தலாம். ஊசல் ஆய்வுக்கூடமும் அவற்றுள் ஒன்று. கட்டணம் இல்லை.

நான்காவது, ஒத்திகை. புதிய செருகுநிரலையோ கட்டளையையோ முதலில் தனிக் கணிப்பொறியில் உள்ள நகல் தளத்தில் இயக்கிப் பார்க்க வேண்டும். 0.25-இல் ஓடியது 0.1-இலும் ஓடும் என்று நம்புவது, ஓர் அளவீட்டை மட்டும் எடுத்து வரைபடம் போடும் மாணவனின் செயலுக்கு ஒப்பானது.

ஐந்தாவது, வேண்டாதவற்றை நீக்குவதும் வேண்டியவற்றைப் புதுப்பிப்பதும். பயன்படுத்தாமல் மாட்டி வைத்த செருகுநிரல், ஆளில்லாத வீட்டின் திறந்த சாளரம் போன்றது.

அடைப்புக்குறிக்குள் எழுதியவர் யார்?

இப்போது எங்கள் தளத்தில் ஊசல் ஆடுகிறது. கட்டுரையில் இருப்பது ஒரு குறுங்குறி மட்டுமே. எதையும் செய்யும் அந்தச் செருகுநிரலை நீக்கிவிட்டோம். அட்டவணையின் நிபந்தனையில் ‘சமம்’ போய்க் ‘குறைவு’ வந்துவிட்டது; அதுவும் செருகுநிரலுக்குள் பத்திரமாக இருக்கிறது. என் பிழையைக் கண்டுபிடித்த மாணவன்தான் இதனை எழுதுவதற்கு உதவினான். கிராமத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, இரவில் தன் தாயின் கைப்பேசியில் நீளத்தை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, “ஊசலின் எடையை மாற்றினால் நேரம் மாறாதா சார்? அதற்கும் ஒரு புள்ளி வையுங்கள்” என்று மறுநாள் கேட்டாள். மாறாது என்று நான் சொல்லவில்லை. அந்தப் புள்ளியையும் வைத்துவிட்டேன். அவளே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

எழுத்தை ஏவலாக மாற்றும் ஆற்றல் நமக்குக் கிடைத்திருப்பது சிறு பேறு அன்று. ஆனால் ஓர் ஏட்டில் உள்ளதைச் செய்து காட்டும் முன்னர், நல்ல நாடக ஆசிரியர் ஒன்று கேட்பார்: “அடைப்புக்குறிக்குள் இதை எழுதியவர் யார்?” வலைத்தளம் நடத்தும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.